மூடி போட்ட முப்பத்தாறு கிணறுகள்

நாற்பது ஆண்டுகளுக்கு முன், ஆழ்துளை போடும் ஒரே ஒரு பழைய ரிக் வண்டியோடு திருச்செங்கோட்டை விட்டுப் புறப்பட்டு, பாறை இருக்கும் ஊரெல்லாம் நம் ஊர்ப் பெயரைப் பதித்துவிட்டு வந்து, இன்று இந்த அவைக்குத் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் நம் ரிக் உரிமையாளர் சங்கத் தலைவர், பெரியவர் ஈஸ்வர் ஐயா அவர்களே. நம்முடைய கணக்கையும் நம்முடைய கலக்கத்தையும் சேர்த்தே சுமந்துகொண்டு சேலத்திலிருந்து வந்திருக்கும் ஆடிட்டர் ஆரோக்கியசாமி அவர்களே. முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தவர்களே. வீட்டு ஆண்கள் எட்டு மாதம், பத்து மாதம் எங்கோ ஒரு தேசத்தில் புழுதியோடு புழுதியாய்க் கிடக்க, இங்கே தவணையையும் தனிமையையும் தாங்கி நின்ற தாய்மார்களே, தங்கைகளே. டிரில்லர்களே, டிரைவர்களே, பாறை வெடவெடக்கும் இடத்தில் நமக்கெல்லாம் பசிக்குச் சோறு வடித்த சமையல்காரர்களே. இடமில்லாமல் மண்டபத்துக்கு வெளியே வெயிலில் நின்று கேட்கும் சொந்தங்களே. உங்கள் அத்தனை பேருக்கும் குமரகுருவின் கைகள் குவிகின்றன.

அழைப்பிதழில் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, 'கடல் கடந்து நாம் கண்ட வெற்றி'. அச்சடித்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். வெற்றியைப் பேச வந்த இந்த நாக்கு இன்று வேறொன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் மதியச் சாப்பாடு முடிந்ததும், அந்த அடுத்த அறையில், வெளிநாட்டு நிதி நிறுவனம் ஒன்றின் ஆட்கள் உங்களில் பதின்மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கக் காத்திருக்கிறார்கள். எந்தக் காகிதத்தில் கையெழுத்து? ஓர் ஏழை நாடு உங்களுக்குத் தர வேண்டிய பாக்கியை அவர்களுக்கு விற்றுவிடும் காகிதத்தில். அதே காகிதத்தைக் கையில் பிடித்து, பேனாவின் மூடியைக் கழற்றி, கையெழுத்துக்கு ஓர் அங்குலம் வரை போய்த் திரும்பியவன் நான். எதைப் பார்த்துத் திரும்பினேன்? அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

அந்த நாட்டின் பெயரை மேடையில் சொல்ல மாட்டேன். நம் ஆட்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் இருக்கும் ஒரு நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். செம்மண், மக்காச்சோளம், மாமரம், இரண்டு மழை பொய்த்தால் காய்ந்துபோகும் ஆறு. நம் ஓமலூர்ப் பக்கம் போலத்தான் இருக்கிறது என்று போன முதல் நாளே நினைத்தேன்.

அங்கே அரசாங்கத்தின் நீர்த்துறைக்குத் தொண்ணூற்றாறு ஆழ்துளைக் கிணறுகள் போட எனக்கு ஒப்பந்தம். துளை போட்டு, குழாய் இறக்கி, அடிபம்பு மாட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு கிணற்றுக்கு நம் பணத்தில் ஆறு லட்சம். இரண்டு ரிக் வண்டிகளைக் கப்பலில் ஏற்றினேன். வண்டிக்கு வாங்கிய கடன் இங்கே. வண்டி அங்கே. என் உயிர் இரண்டுக்கும் நடுவே.

வேலையை அங்கே முன்னின்று நடத்தியவர் என் தலைமை டிரில்லர் ரங்கன். இதோ, மூன்றாவது வரிசையில், பெயரைச் சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டாரே, அவர்தான். பதினாறு மாதத்தில் தொண்ணூற்றாறையும் முடித்தார் ரங்கன். தொண்ணூற்றாறிலும் தண்ணீர். முதல் அறுபதுக்குப் பணம் வந்தது. அறுபத்தொன்றாவது பில் போனது. பணம் வரவில்லை. எழுபதாவது போனது. வரவில்லை. தொண்ணூற்றாறாவதும் போனது. பணம் வரவில்லை, பதில் வரவில்லை, போனைக்கூட எடுப்பாரில்லை. பிறகு ஒரு காலை, செய்தியில் வந்தது. வாங்கிய கடன்களைத் திருப்பிக் கட்ட இயலாது என்று அந்த நாடே அறிவித்துவிட்டது.

ஒரு மனிதன் கை விரிக்கலாம். ஒரு கம்பெனி கை விரிக்கலாம். ஒரு நாடு கை விரிக்குமா? எனக்கு அன்றுதான் தெரிந்தது. விமானம் ஏறினேன்.

தலைநகரில் நிதி அமைச்சகத்தில் ஓர் அதிகாரி, நடுவயதுப் பெண்மணி. என்னை உட்கார வைத்து ஒரே ஒரு தாளைக் காட்டினார். "நாங்கள் நூறு ரூபாய் வரி வசூலித்தால் அதில் நாற்பத்திரண்டு ரூபாய் வெளிக்கடனின் வட்டிக்கே போகிறது. எல்லா மருத்துவமனைகளுக்கும் சேர்த்து ஒன்பது ரூபாய்" என்றார். எப்படி இந்த நிலை வந்தது என்று கேட்டேன். கடன் வாங்கியது டாலரில். வருமானமோ அவர்கள் பணத்தில். இரண்டு வருடம் மழை பொய்த்தது. அவர்கள் தோண்டி விற்கும் தாமிரம் விலை சரிந்தது. அவர்கள் பணம் பாதி மதிப்புக்கு வீழ்ந்தது. ஒரு பைசா புதிதாய் வாங்காமலே பழைய கடன் இரண்டு மடங்கானது. அதைக் கட்டப் புதுக் கடன். பணக்கார நாட்டுக்கு மூன்று வட்டி என்றால் இவர்களுக்குப் பத்து வட்டி. ஏன்? ஏழை என்பதால்.

யாரோ பின்னால் ஏதோ சொல்கிறீர்கள். சத்தமாகச் சொல்லுங்கள். "அங்கயிருக்கற மந்திரிங்க தின்னுருப்பானுங்க" என்கிறீர்கள். தின்றவர்கள் இருக்கிறார்கள் ஐயா, நான் மறுக்கவில்லை. ஆனால் கடன் கழுத்தை நெரித்தபோது, நெரிபட்டது தின்றவன் கழுத்தா? பொறுத்திருந்து கேளுங்கள்.

கடைசியில் அந்த அம்மையார் சொன்னார். "கடன் கொடுத்த எல்லோரையும் ஒரு மேசையில் உட்கார வைக்கப் பார்க்கிறோம். எங்களால் தாங்க முடிகிற அளவுக்குக் குறைத்துக் கொடுத்தால் நிச்சயம் கட்டுவோம். அதுவரை பொறுங்கள்."

நான் பொறுத்தேனா? எனக்கு அது அத்தனையும் சாக்காகத்தான் கேட்டது. முப்பத்தாறு கிணறு, இரண்டு கோடியே பதினாறு லட்சம். அது மட்டும்தான் என் காதில் ஒலித்தது. ஊர் திரும்பினேன். இங்கே தவணை தவறி, வீட்டுக்கு ஆள் வரத் தொடங்கியிருந்தார்கள். அப்போது செய்தேன் ஒரு காரியம். அவையோரே, அதை இதுவரை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை.

ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. முழுப் பணம் வரும்வரை கிணறும் பம்பும் ஒப்பந்தக்காரருக்கே சொந்தம் என்று. அதைப் பிடித்துக்கொண்டேன். ரங்கனுக்குப் போன் போட்டேன். "பணம் வராத முப்பத்தாறுலயும் பம்பைக் கழட்டிப் போடு ரங்கா. வாய்க்கு இரும்புத் தகடு வெச்சு வெல்டிங் பண்ணிடு. அப்பத்தான் அவனுகளுக்குச் சுருக்குனு உறைக்கும்" என்றேன்.

ரங்கன் திருப்பிக் கேட்டார். "ஏனுங்கண்ணா, அஞ்சு மாசமா சனம் புழங்கிட்டு இருக்குதுங்களே. கழட்டுனா அதுங்க எங்கீங்க போகும்?"

"அது கவருமெண்டுப் பாடு. உனக்கும் எனக்கும் என்ன? உன்ற சம்பளம் வேணுமா வேண்டாமா?"

"சரீங்க" என்று வைத்துவிட்டார் ரங்கன்.

சட்டப்படி சரியா? சரி. ஒப்பந்தப்படி சரியா? சரி. ஊர் ஊராகப் போய் ரங்கன் முப்பத்தாறையும் மூடினார். போன இடத்திலெல்லாம், பழுது பார்க்க வந்திருக்கிறார்கள் என்று ஊர் நினைத்துக்கொண்டது. பெண்கள் மக்காச்சோளம் சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எப்போது திரும்ப மாட்டுவீர்கள் என்று கேட்டவர்களிடம், கற்றுக்கொண்ட அவர்கள் பாஷையிலேயே, அடுத்த வாரம் என்று சொல்லிவிட்டு வந்தார் ரங்கன். இதை அவர் என்னிடம் சொன்னது பின்னால். அப்போது நான் கேட்டது ஒரே கேள்வி. முடிஞ்சுதா?

பணம் வந்ததா? வரவில்லை. மூடியைப் பார்த்து அந்த அமைச்சகம் அசைந்ததா? அசையவில்லை. தலைநகரில் எவர் வீட்டுக் குழாயிலாவது தண்ணீர் நின்றதா? ஒரு சொட்டு நிற்கவில்லை.

பதினோரு மாதம் கழிந்தது. அப்போதுதான் இதே நிதி நிறுவனத்தார் என்னைத் தேடி வந்தார்கள். இனிமையான பேச்சு, மடிப்புக் கலையாத சட்டை. உங்கள் பாக்கியை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம், ரூபாய்க்கு நாற்பத்தைந்து பைசா, ஒரே தவணை என்றார்கள். தொண்ணூற்றேழு லட்சம் ரூபாய். வற்றிக் கிடந்தவனுக்கு அது மழை மாதிரி இருந்தது. கிணறுகள் இன்னும் என் வசம்தான் என்பதற்கு ஆதாரமாக ஒன்று மட்டும் கேட்டார்கள். ஒவ்வொரு கிணற்றையும், மூடியோடு, நீங்களே நேரில் நின்று புகைப்படம் எடுத்து வர வேண்டும் என்றார்கள்.

நான் போடச் சொன்ன மூடிகளைப் பார்க்க நானே போனேன். ரங்கன் வண்டி ஓட்டினார்.

எழுபத்தொன்றாம் எண் கிணறு ஒரு சுகாதார நிலையத்தின் வாசலில் இருந்தது. இரண்டு அறை, ஒரு தகரக் கூரை, ஒரே ஒரு செவிலியர். பெயர் எஸ்தர். நான் கிணற்றருகே நின்று படம் எடுப்பதைப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். மூச்சு வாங்க, ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார். "நீங்கள்தான் முதலாளியா?"

"ஆமாம்."

"பழுது பார்க்க வந்துவிட்டீர்களா?"

அவையோரே. பதினோரு மாதம். பதினோரு மாதமாக அந்தப் பெண், பழுது என்றே நம்பிக்கொண்டு, எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். பதில் சொன்னவர் ரங்கன். உடைந்த பாஷையில், உடைந்த குரலில், "பழுது ஒன்றும் இல்லை சிஸ்டர். நாங்கள்தான் மூடினோம். பணம் வரவில்லை" என்றார்.

எஸ்தர் ஏசவில்லை. கத்தவில்லை. "இந்தக் கிணற்றுக்கு எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். "என் நிலையத்துக்கு வருடத்துக்கு வரும் மருந்தின் விலை இதில் பாதி. கடன் கட்ட வேண்டும் என்று சென்ற வருடம் அதையும் நிறுத்திவிட்டார்கள்" என்றார். பிறகு உள்ளே போய் ஒரு நீளமான பதிவேட்டை எடுத்து வந்து, இறந்தவர்களை எழுதும் பக்கத்தைத் திருப்பி என் கையில் கொடுத்தார். கிணறு மூடிய பிறகு அந்த ஊர் ஆற்றுக்குப் போயிருக்கிறது. மழை தொடங்கியதும் ஆறு கலங்கியிருக்கிறது. வயிற்றுப்போக்கு வந்திருக்கிறது. நான்கு வரிகள். நோய்க்குக் காரணம் என்ற கட்டத்தில் நான்கிலும் ஒரே சொல். ஆற்றுத் தண்ணீர்.

கிரேஸ், இரண்டு வயது. மோசே, பதினான்கு மாதம். ரூத், நான்கு வயது. நான்காவது ஓர் ஆண் குழந்தை, ஒன்பது நாள். பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு.

நான் துப்பாக்கி பிடித்தவன் இல்லை. நான் நஞ்சு வைத்தவன் இல்லை. கொடுத்ததைக் கேட்டவன். வர வேண்டியதை வசூலிக்கப் பார்த்தவன். உங்களைப் போல ஒருவன். அந்தப் பக்கத்தைப் படித்து முடித்துத் திரும்பிப் பார்த்தேன் ஐயா. என் இருநூற்றிருபது அடிக் கிணறு, அருமையான தண்ணீர் உள்ள கிணறு, அந்தப் பிள்ளைகள் படுத்திருந்த கட்டிலுக்கு முப்பது அடி தூரத்தில் இருந்தது. அதன் மேல் இருந்தது என் மூடி. எங்கோ ஒரு நகரத்தில் வாங்கிய கடன், எங்கோ ஒரு மேசையில் ஏறிய வட்டி, எங்கோ ஒரு ஊரில் நான் கொண்ட கோபம், எல்லாம் ஊர்ந்து ஊர்ந்து வந்து, கடைசியில் உட்கார்ந்த இடம் ஒன்பது நாள் குழந்தையின் மேல்.

தின்றவன் கழுத்தா நெரிபட்டது என்று கேட்டேனே, பின்வரிசை நண்பரே. நீங்களே சொல்லுங்கள்.

"ரங்கா, கட்டிங் மெஷினு வண்டில இருக்குதா?" என்றேன்.

"இருக்குதுங்க. வாரப்பவே எடுத்துப் போட்டுட்டுத்தானுங்க வந்தேன்" என்றார் ரங்கன். நான் சொல்வேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சொல்லாவிட்டாலும் வெட்டுவது என்று முடிவு செய்துகொண்டுதான் வண்டியை எடுத்திருக்கிறார்.

எழுபத்தொன்றைத் திறந்தோம். பம்பு மாட்டினோம். முதல் குடத்தை எஸ்தர் அடித்தார். பத்தொன்பது நாள் அந்த நாட்டிலேயே இருந்து முப்பத்தாறையும் திறந்தோம். புகைப்படம்? எடுத்தோம். ஓடுகிற தண்ணீரை எடுத்தோம். நிதி நிறுவனத்துக்கு அது பயன்படாது என்று தெரிந்தேதான் எடுத்தோம்.

வீட்டுக்கு வந்தேன். என் மனைவி சௌந்தர்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடகில் இருந்தது அவர் நகை. அவர் நியாயமாகக் கேட்டிருக்க வேண்டியது, தொண்ணூற்றேழு லட்சத்தை ஏன் விட்டீர்கள் என்பது. அவர் கேட்டது அதை இல்லை.

"மூடச் சொல்லிப் போன் போட்டீங்களே, அன்னைக்கு நானு பக்கத்து ரூம்புலதானுங்க இருந்தேன். எங்கிட்ட ஏனுங்க ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"போனைப் புடுங்கியிருப்பேனுங்க" என்றார்.

இருந்தாலும், அவையோரே, நான் தேவதூதன் இல்லை. தவணை தலைக்கு மேல் நின்றது. கிணற்றைத்தான் திறந்துவிட்டோமே, பாக்கியை விற்றால் என்ன தப்பு என்று ஒரு புத்தி மறுபடியும் சொன்னது. படம் வேண்டாம், பில் போதும் என்று, அதே விலைக்குப் புதுக் காகிதத்தோடு நிறுவனமும் திரும்ப வந்தது. பேனாவைத் திறந்துவிட்டேன். கையெழுத்துக்கு முன் ஆடிட்டர் ஒரு முறை பார்க்கட்டுமே என்று சேலத்துக்கு எடுத்துப் போனேன்.

ஆரோக்கியசாமி சார் பொறுமையாகப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "குமரகுரு சார், பதினெட்டாம் பக்கம் படிச்சீங்களா?"

"இல்லீங்களே."

"உங்ககிட்ட தொண்ணூத்தேழு லட்சத்துக்கு வாங்குறாங்க. அந்த நாட்டு மேல வழக்குப் போடறது, வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்து நாலே முக்கால் கோடிக்கு. அந்த நாட்டுப் பணம் வெளிநாட்டு பேங்க்ல எங்க இருந்தாலும் முடக்கலாம். மருந்து வாங்க வெச்சிருக்கற பணமா இருந்தாலும் சரி. மத்தவங்க எல்லாரும் கடனைக் குறைச்சுக்க ஒத்துக்கிட்டாலும், இவங்க வெளிய நின்னு முழுசா கேப்பாங்க. வழக்குல உங்க கிணத்து பில்தான் சாட்சி."

நான் திறந்த மூடி முப்பத்தாறு. இந்தக் காகிதம் போடப் போகும் மூடி எத்தனை? எத்தனை எஸ்தர்களின் அலமாரியில் எத்தனை மருந்துச் சீசாவின் மேல்? பேனாவை மூடினேன்.

இரண்டு வருடம் கழித்து அந்த மேசை ஒருவழியாகக் கூடியது. பெரிய நாடுகள், பெரிய வங்கிகள், கடைசியில் நம்மைப் போன்ற கிணற்றுக்காரர்கள். அந்த நாட்டார் தங்களால் தாங்கக்கூடிய அளவு இதுதான் என்று கணக்குப் போட்டு, பாதியைத் தள்ளிவிடுங்கள், மீதிப் பாதியைப் பன்னிரண்டு வருடத்தில் கட்டுகிறோம் என்று கேட்டார்கள். எனக்கு வருடத்துக்கு ஒன்பது லட்சம். நான் கையெழுத்துப் போட்டேன். போன பங்குனியில் முதல் ஒன்பது லட்சம் வந்தது. சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்பாக வந்தது.

நடுவரிசையில் எழுந்து நிற்கிறீர்களே, கேளுங்கள். "அப்புறம் பேங்குத் தவணைய யாருங்க கட்டுனாங்க?" என்கிறீர்கள். உண்மையான கேள்வி. உண்மையான பதில் சொல்கிறேன். ஒரு ரிக் வண்டியை விற்றேன். ஆந்திராக்காரர் ஒருவர் அடிமாட்டு விலைக்கு எடுத்துப் போனார். சௌந்தர்யாவின் நகையில் பாதி இன்னும் மீளவில்லை. வலிக்கவில்லை என்று நான் சொன்னால் அது பொய். அந்த வலிக்குப் பயந்துதான் உங்களில் பதின்மூன்று பேர், பாதியைத் தள்ளிவிடுவதற்கான சம்மதக் கடிதத்தில் இன்னும் கையெழுத்திடாமல் இருக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். மாதக் கடைசியோடு அதற்குக் கெடு முடிகிறது என்பதும் தெரியும்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நம் கெங்கவல்லியிலோ ராசிபுரத்திலோ ஒரு விவசாயிக்கு ஆயிரம் அடி போட்டும் தண்ணீர் வராமல் பாறைப் புகைதான் வருகிறது. அந்த மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிடுகிறார். அப்போது நாம் முழு பில்லையும் கொடு என்றா நின்றிருக்கிறோம்? அடிக்கு இவ்வளவு குறைத்துக்கொள், மீதியை அறுவடைக்குக் கொடு என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்காதவர் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்? கையைத் தூக்கச் சொன்னால் ஒரு கைகூட உயராது. நம் ஊர் மனிதருக்குச் செய்ததை, முகம் தெரியாத மனிதருக்குச் செய்ய மறுக்கிறோமே, முகம் தெரியவில்லை என்ற ஒன்றைத் தவிர வேறு காரணம் உண்டா? எனக்கு அந்த முகம் தெரிந்துவிட்டது. இன்று உங்களுக்கும் தெரிந்துவிட்டது.

கடனைக் கேட்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. உழைத்தவன் கூலியைக் கேட்கத்தான் வேண்டும். கட்ட முடிகிற அளவு கேளுங்கள். கட்டுகிறவன் உயிரோடு இருக்கிற அளவு கேளுங்கள். தாய் தண்ணீர் மொண்டு, பிள்ளை பிழைத்து, அந்தப் பிள்ளை வளர்ந்து வரி கட்டி, அந்த வரியில் நம் தவணை வர வேண்டுமென்றால் முதலில் அந்தப் பிள்ளை பிழைக்க வேண்டாமா? இதைப் புரிந்துகொள்ளப் பொருளாதாரம் படிக்க வேண்டுமா? எனக்குப் புரிய நான்கு பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். உங்களுக்கு அது தேவைப்படக் கூடாது என்பதற்காகத்தான், என் வெட்கத்தை எல்லாம் இந்த மேடையில் அவிழ்த்து வைத்தேன்.

அடுத்த அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு காகிதம் இருக்கிறது. ஆடிட்டர் அவர்களின் கையில் இன்னொரு காகிதம் இருக்கிறது. முதல் காகிதத்தில் உடனே பணம். இரண்டாவதில் பன்னிரண்டு வருடக் காத்திருப்பு. இரண்டாவது தாளில் என் பெயருக்குக் கீழே பதின்மூன்று இடங்கள் காலியாக இருக்கின்றன. கட்டாயப்படுத்த நான் யார்? சாப்பிட்டு, கை கழுவி, அந்தக் கையில் ஊற்றிய தண்ணீரை ஒரு கணம் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

பேச அழைத்த தலைவருக்கும், தலைப்பை மீறியும் தடுக்காமல் கேட்ட உங்களுக்கும், நான் சொன்னதைச் செய்ததற்காக இன்றுவரை தன்னை மன்னிக்காத, ஆனால் சொன்ன என்னை மன்னித்துவிட்ட ரங்கனுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.